நிறுவிய பின்னும் திரும்பி வரும் புதுப்பிப்பு: ஐயமும் உறுதியும்





மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் நம்மிடம் மக்கள் கொண்டுவரும் கேள்விகள் பெரும்பாலும் உளூ, தொழுகை, ஜகாத், திருமணம், பாகப்பிரிவினை ஆகியவற்றைப் பற்றியவையாகவே இருக்கும். சில ஆண்டுகளாக அவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துவிட்டது. "ஹஜ்ரத், கம்ப்யூட்டர்ல அப்டேட் போட்டு முடிச்சுட்டோம். முடிஞ்சதுன்னு அதுவே சொல்லுச்சு. மறுநாள் பார்த்தா அதே அப்டேட் திரும்பவும் வந்து நிக்குது. என்ன செய்யறது?" என்பதே அது.

இக்கேள்வி நம்மிடம் வருவதற்குக் காரணம் உண்டு. திருப்பருத்திக்குன்றத்திலும் காஞ்சிபுரத்தின் பிற பகுதிகளிலும் வாழும் நம் குடும்பங்களுக்குக் கல்வி உதவித்தொகை விண்ணப்பம், ஹஜ் விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை எல்லாமே இன்று கணினி வழியாகத்தான் நடைபெறுகின்றன. மாலைப் பாடம் முடிந்த பின்னர் மதரஸாவின் கணினியில் இப்பணிகளுக்கு உதவுவது நம் வழக்கம். ஆகவே கணினி நோயுற்றாலும் அதை நம்மிடமே கொண்டுவருகிறார்கள்.

இத்தொல்லைக்கு ஊரில் இரண்டு மருத்துவங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, "அப்டேட்டையே அணைத்துவிடு" என்பது. மற்றொன்று, "வரும்போதெல்லாம் போட்டுக்கொண்டே இரு" என்பது. இரண்டுமே தவறானவை. முதலாவது, கதவைத் தட்டுகிறவர் யார் என்று பாராமல் காதைப் பொத்திக்கொள்வது. இரண்டாவது, யார் என்று கேளாமல் கதவைத் திறந்து திறந்து மூடுவது. புதுப்பிப்பு ஏன் திரும்பி வருகிறது என்பதை அறிவதே முதல் வேலை. காரணம் தெரிந்துவிட்டால் மருந்து பெரும்பாலும் எளியது.

கணினி எதை வைத்து முடிவு செய்கிறது?

"நிறுவுக" என்ற பொத்தானை நாம் அழுத்தினோம் என்பதை விண்டோஸ் சாட்சியாக ஏற்பதில்லை. ஒவ்வொரு புதுப்பிப்பும் தன்னோடு சில விதிகளைக் கொண்டு வருகிறது: இக்கணினிக்கு இது பொருந்துமா, இது ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறதா என்று கண்டறியும் விதிகள் அவை. அவ்விதிகளின்படி கணினி தன் கோப்புகளின் பதிப்பு எண்களையும், ரிஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டின் குறிப்புகளையும், தன் உறுப்புகளின் சேமிப்பகத்தையும் பார்க்கிறது. அங்கே சான்று இருந்தால் "நிறுவப்பட்டது" என்று முடிவு செய்யும். சான்று இல்லையென்றால், திரையில் நூறு விழுக்காடு என்று ஓடி முடிந்திருந்தாலும், "இன்னும் நிறுவப்படவில்லை" என்றே கொள்ளும். மறுநாள் மீண்டும் கேட்கும்.

தொழுகையின் சட்டங்களைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று. மூன்று ரக்அத் தொழுதோமா, நான்கா என்ற ஐயம் தொழுகையினுள் எழுந்தால், உறுதியாகத் தெரிந்த குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு மீதியை நிறைவேற்றி, இறுதியில் மறதிக்கான ஸஜ்தா செய்யுமாறு ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் கற்பிக்கின்றனர். ஐயம் அடிக்கடி வருபவருக்கு ஹனஃபி மத்ஹபில், எது மனத்தில் மேலோங்கி நிற்கிறதோ அதன்படி செய்யவும், எதுவும் மேலோங்காவிட்டால் குறைந்ததை எடுத்துக்கொள்ளவும் வழி சொல்லப்பட்டுள்ளது. கணினியும் ஐயம் வந்தால் குறைந்ததையே எடுத்துக்கொள்கிறது: "செய்யவில்லை" என்று வைத்துக்கொண்டு மீண்டும் செய்யச் சொல்கிறது.

ஆயினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. உளூ செய்து முடித்தவர், "சரியாகச் செய்தேனா" என்று மீண்டும் மீண்டும் தண்ணீர்த் தொட்டிக்கே திரும்புவாரானால் அது பேணுதலன்று, வஸ்வாஸ். உறுதியை வெறும் ஐயம் நீக்கிவிடாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. ஆகவே திரும்பி வரும் புதுப்பிப்பைக் காணும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இது உண்மையிலேயே நிறைவேறாத கடமையா, முறைப்படி திரும்பி வரும் கடமையா, அல்லது கணினியின் வஸ்வாஸா?

முறைப்படி திரும்பி வருபவை

முதலில் அஞ்ச வேண்டாதவற்றைச் சொல்லிவிடுவோம். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் என்ற பாதுகாப்பு மென்பொருளுக்குப் புதிய வைரஸ்களின் அடையாளக் குறிப்புகள் கேபி 2267602 என்ற ஒரே எண்ணில்தான் வருகின்றன. ஒரே நாளில் பலமுறை கூட வரலாம். எண் மாறுவதில்லை, அதன் பின்னுள்ள பதிப்பு எண் மட்டும் மாறும். தீய மென்பொருளை நீக்கும் கருவியும் கேபி 890830 என்ற அதே எண்ணோடு மீண்டும் மீண்டும் வருவது. அவற்றைக் கண்டு "நேற்றுத்தானே போட்டோம்" என்று கலங்க வேண்டியதில்லை. நேற்று ஃபஜ்ர் தொழுதவருக்கு இன்றும் ஃபஜ்ர் உண்டு; அது நேற்றைய தொழுகை கூடவில்லை என்பதனால் அன்று.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் பெரிய பாதுகாப்புப் புதுப்பிப்புகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் நாட்டில் அது செவ்வாய் இரவாகிவிடும். அவற்றின் பெயர்கள் மாதத்தைத் தவிர ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், மூன்று மாதங்களில் வந்த மூன்று வேறு புதுப்பிப்புகளை ஒன்றே திரும்பி வருவதாக எண்ணுவோரும் உண்டு. ஆகவே பெயரைப் பார்க்காமல் கேபி எண்ணையும் பதிப்பு எண்ணையும் ஒப்பிடுவதே சரியான முறை.

2024 ஜனவரியில் நடந்தது

நிறைவேறாமல் திரும்பி வந்த புதுப்பிப்புக்கு உலகம் முழுவதும் அறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 2024 ஜனவரி 9 அன்று விண்டோஸ் 10 கணினிகளுக்குக் கேபி 5034441 என்ற புதுப்பிப்பு வந்தது. வன்தட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் என்ற பாதுகாப்பை, கணினியைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் மீட்புப் பகுதியின் வழியாகக் கடந்துவிடக்கூடிய ஓட்டையை அடைப்பதே அதன் நோக்கம். நோக்கம் நல்லது. ஆனால் அதை நிறுவ, கணினியின் மீட்புப் பகுதியில் 250 எம்பி காலியிடம் தேவைப்பட்டது. அந்த மீட்புப் பகுதி நம் கண்ணுக்குத் தெரியாமல் வன்தட்டில் ஒதுக்கப்பட்டிருக்கும் சிறு இடம். பல வீட்டுக் கணினிகளில் அதில் அவ்வளவு இடமில்லை.

விளைவு, புதுப்பிப்பு இறங்கும், நிறுவ முயலும், 0எக்ஸ்80070643 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டித் தோற்கும், மறுபடியும் வந்து நிற்கும். "நிறுவுவதில் தோல்வி" என்பதைத் தவிர அக்குறியீடு வேறொன்றையும் சொல்லவில்லை. இடம் போதவில்லை என்ற உண்மைக் காரணம் திரையில் வரவே இல்லை. 'சி' டிரைவில் நூறு ஜிபி காலியாக இருந்தவர்களும் என்ன குறை என்று தெரியாமல் திகைத்தார்கள். மீட்புப் பகுதியைக் கைமுறையாகப் பெரிதாக்கும் வழியை அந்நிறுவனம் வெளியிட்டது. ஆனால் அது கட்டளைகளைத் தட்டச்சு செய்து வன்தட்டின் பகுதிகளை மாற்றியமைக்கும் வேலை. வீட்டிலிருப்போர் துணிந்து செய்யத்தக்கதன்று. மீட்புப் பகுதியே இல்லாத கணினிகளுக்கு இப்புதுப்பிப்பு தேவையில்லை, பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்றும் அந்நிறுவனமே கூறியது. 2024 ஆகஸ்டில் வேறொரு புதுப்பிப்பு அதனிடத்தில் வந்தது. போதிய இடமில்லாத கணினிகளுக்கு அது தரப்படவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்வு ஒன்று 2012-இல் நடந்தது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் டாட் நெட் ஃபிரேம்வொர்க்குக்கான சில பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வெற்றிகரமாக நிறுவப்பட்ட பின்னும் மீண்டும் மீண்டும் காட்டப்பட்டன. அங்கே பயனர் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை. முதல் நிகழ்வு நிறைவேறாத கடமை, இரண்டாவது வஸ்வாஸ். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை அறிய ஒரே வழி, தோல்வியுற்றதா, வெற்றி பெற்றதா என்று வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதுதான்.

அட்டை நகராத தறி

திருப்பருத்திக்குன்றம் சமணர்களின் தொன்மையான தலம்; ஜினகாஞ்சி என்று பெயர் பெற்றது. வேகவதிக் கரையில் திரைலோக்கியநாதர் கோவில் நிற்கிறது. சுற்றிலும் பட்டு நெய்யும் வீடுகள். பல மார்க்கத்தவரும் அண்டை அயலாராக வாழும் ஊர் இது. அண்டை வீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நாம் அனைவரும் அறிவோம். அவ்வாறு அயலவரான ஒரு நெசவாளர், சென்ற ஆண்டு அஸர் தொழுகைக்குப் பின் மகளையும் அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். கையில் ஒரு மடிக்கணினி. மூத்த மகள் பிளஸ் டூ படித்தபோது அரசு தந்த விலையில்லா மடிக்கணினி அது. இப்போது இளையவளின் கல்லூரிப் படிப்புக்கும் அதுவே துணை.

"பாய், இது ஒரு மாசமா ராத்திரியெல்லாம் அப்டேட் போடுது. காலையில திரும்ப அதையே கேட்குது. பொண்ணோட உதவித்தொகை விண்ணப்பத்துக்கு நாளை மறுநாள்தான் கடைசி. பாதி எழுதும்போதே நின்னு நின்னு போகுது. கடையில கேட்டா அப்டேட்டையே நிறுத்திடலாம்னு சொல்றாங்க" என்றார் அவர்.

அவசரம் நமக்குப் புரிந்தது. ஓராண்டின் கட்டணம் அந்த விண்ணப்பத்தில் இருந்தது. ஆகவே முதலில் விண்ணப்பத்தை மதரஸாவின் கணினியிலேயே அவளை நிரப்பச் செய்தோம். மஃரிபுக்கு முன் அது முடிந்து, ஒப்புகைச் சீட்டும் கையில் வந்துவிட்டது. நோயுற்ற கணினியில் கெடுவுள்ள வேலையைச் செய்யக் கூடாது என்பது நாம் எல்லாக் குடும்பங்களுக்கும் சொல்லும் முதல் அறிவுரை.

பின்னர் மடிக்கணினியைத் திறந்தோம். வரலாற்றுப் பக்கத்தில் ஒரே கேபி எண் பதினொரு முறை இருந்தது, பதினொன்றும் தோல்வி. அவள் நடந்ததை விவரித்தாள். இரவில் நிறுவுகையைத் தொடங்குவாள். நூறு விழுக்காடு வந்ததும் மறுதொடக்கம் தேவை என்று கணினி கேட்கும். தூக்கக் கலக்கத்தில் மூடியை மூடிவிட்டுப் படுப்பாள். அல்லது ஷட்டவுன் கொடுப்பாள். சில நாள்களில் அத்தை ரீஸ்டார்ட் கொடுத்ததும் உண்டு. அப்போது நெடுநேரம் சுழன்றபின், மாற்றங்களைத் திரும்பப் பெறுவதாகத் திரை சொன்னதாம். 'சி' டிரைவைப் பார்த்தோம். 1 ஜிபி கூடக் காலியில்லை. அக்காளின் திருமணக் காணொளிகள் முழுவதும் அதில் இருந்தன.

இதை அவருக்கு எப்படி விளக்குவது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையில் அவரே சொன்னார்: "ஜக்கார்டு பெட்டியில அட்டை நகரலைன்னா நான் எத்தனை தடவை மிதிச்சாலும் அதே கோடுதான் பாய் விழும். கால் மேல தப்பு இல்ல. உருளை ஏன் திரும்பலைன்னு பார்க்கணும்."

இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது. ஜக்கார்டு தறியில் துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு மிதிக்கும் உருளை திரும்பி, அடுத்த அட்டை முன்னே வரவேண்டும்; எந்த இழை எழ வேண்டும் என்பதை அவ்வட்டையின் துளைகள் முடிவு செய்யும். உருளை திரும்பாவிட்டால் பழைய அட்டையே மீண்டும் அழுந்தும். சேலையில் ஒரே கோடு அடுக்கடுக்காக விழும். அந்நேரத்தில் மேலும் மேலும் மிதிப்பது பட்டையும் சரிகையையும் பாழாக்குவதே. கைதேர்ந்த நெசவாளர் காலை நிறுத்திவிட்டு, தலை நிமிர்ந்து பெட்டியைப் பார்ப்பார்.

காணொளிகளை வெளிவன்தட்டு ஒன்றுக்கு மாற்றினோம். திறந்து பார்த்து, ஓடுகின்றன என்று உறுதிசெய்த பின்னரே மடிக்கணினியிலிருந்து நீக்கினோம். தற்காலிகக் கோப்புகளையும் துடைத்தோம். மின்னிணைப்பைச் செருகி, புதுப்பிப்பைத் தொடங்கி, ரீஸ்டார்ட் கொடுத்தோம். இஷா தொழுது வந்தபோது கணினி வழக்கமான திரைக்கு வந்திருந்தது. வரலாற்றுப் பக்கத்தில் பன்னிரண்டாவது வரி "வெற்றி" என்றது. அல்ஹம்துலில்லாஹ்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

அந்த மாலையில் கையாண்டதையும், பிற குடும்பங்களுக்கு உதவியபோது கண்டதையும் சேர்த்து ஒரு வரிசையாகத் தருகிறோம். எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லுங்கள். ஒன்றைச் செய்து, பலன் பார்த்து, அதன்பின் அடுத்ததற்குச் செல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தால் எது நோயைத் தீர்த்தது என்று தெரியாது.

முதலாவது, குறித்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குள் அப்டேட் ஹிஸ்டரி என்ற பகுதி இருக்கிறது. கேபி எண், தேதி, வெற்றியா தோல்வியா, பிழைக் குறியீடு ஆகிய நான்கையும் தாளில் எழுதுங்கள். அல்லது கைபேசியில் படம் எடுங்கள். முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் பிரதியெடுத்து வைப்பதும் இப்போதே செய்ய வேண்டிய வேலை.

இரண்டாவது, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஷட்டவுன் அதற்கு ஈடாகாது. விரைவாகத் துவங்குவதற்காக ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி விண்டோஸில் இருக்கிறது. அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால் இயங்குதளத்தின் மையப்பகுதி முழுமையாக நிற்பதில்லை. அதன் நிலை வன்தட்டில் எழுதப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. ஆனால் சில புதுப்பிப்புகள் நிறைவடைய முழுமையான மறுதொடக்கம் வேண்டும். நம்மிடம் வந்த கணினிகளுள் பல இந்த ஒரு படியிலேயே குணமாகின.

மூன்றாவது, இடத்தைப் பாருங்கள். 'சி' டிரைவில் 20 ஜிபி அளவுக்குக் காலியாக வைத்திருக்குமாறு நாம் சொல்லிவருகிறோம். புதுப்பிப்பு இறங்குவதற்கு மட்டுமன்றி, பிரிப்பதற்கும், தவறினால் பழைய நிலைக்குத் திரும்புவதற்கான பிரதியை வைப்பதற்கும் இடம் தேவை.

நான்காவது, தேதியையும் நேரத்தையும் பாருங்கள். பழைய கணினிகளில் தாய்ப்பலகையிலுள்ள பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். சேவையகத்தின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி தன் தேதியோடு ஒப்பிட்டுத்தான் நம்புகிறது. தேதி பிழையானால் நம்பிக்கையும் அறுந்துவிடும். அந்தப் பேட்டரி மிக மலிவானது. கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

ஐந்தாவது, பழுது பார்க்கும் கருவிகள். விண்டோஸிலேயே அப்டேட் டிரபிள்ஷூட்டர் என்ற கருவி உள்ளது. அதனாலும் தீராவிட்டால் டிஸ்ம், எஸ்எஃப்சி என்ற இரு கட்டளைகள் உண்டு. முன்னது உறுப்புகளின் சேமிப்பகத்தைச் செப்பனிடும். பின்னது அச்சேமிப்பகத்தைக் கொண்டு பழுதான கணினிக் கோப்புகளை மாற்றும். ஆகவே டிஸ்மை முதலில் இயக்குவதே முறை. அதற்கும் அசையாவிட்டால், விண்டோஸ் அப்டேட் சேவையை நிறுத்திவிட்டு, சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் என்ற கோப்புறையின் பெயரை மாற்றி, சேவையை மீண்டும் தொடங்க வேண்டும். பாதியில் சிதைந்து கிடக்கும் பதிவிறக்கங்களை விட்டுவிட்டுக் கணினி புதிதாகத் தொடங்கும். இதனால் வரலாற்றுப் பக்கத்தின் பட்டியலும் மறையும் என்பதால்தான் முதலிலேயே குறித்துக்கொள்ளச் சொன்னோம். இந்தப் படியை விவரமறிந்த பிள்ளை ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது.

ஆறாவது, அந்த ஒன்றை மட்டும் தனியே இறக்குங்கள். மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் என்ற அதிகாரபூர்வத் தளத்தில் கேபி எண்ணைக் கொடுத்துத் தேடினால் கோப்பு கிடைக்கும். நம் கணினியின் வகைக்குரியதைத் தேர்ந்து நிறுவலாம். ஏற்கெனவே இருந்தால் "நிறுவப்பட்டுள்ளது" என்று அதுவே சொல்லிவிடும், ஐயம் தீரும்.

இவற்றையெல்லாம் கடந்தும் திரும்பி வந்தால் இரண்டு காரணங்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று, பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் மாணவர்கள் எதையும் கெடுக்காதிருக்க டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள்களை இட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறை மறுதொடங்கும்போதும் கணினியைப் பழைய நிலைக்கே கொண்டுசெல்வதுதான் அவற்றின் வேலை. அங்கே புதுப்பிப்பும் துடைக்கப்படும். ஆய்வகப் பொறுப்பாளர் அப்பூட்டைத் திறந்துவிட்டுப் புதுப்பித்து, மீண்டும் பூட்ட வேண்டும். மற்றொன்று, பிரிண்டர், திரை அட்டை போன்றவற்றின் டிரைவர்கள். தயாரிப்பாளரின் மென்பொருள் ஒரு பதிப்பை நிறுவ, விண்டோஸ் வேறொரு பதிப்பை நிறுவ, இரண்டும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருக்கும். கருவி நன்றாக இயங்குமானால் இரண்டில் ஒன்றை நிறுத்திவிடலாம்.

அணைத்துவிட்டால் என்ன?

"இத்தனை பாடு எதற்கு? அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே" என்போருக்கு 2017-ஐ நினைவூட்டுகிறோம். விண்டோஸில் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச் 14 அன்று வெளியிட்டது. 59 நாள்கள் கழித்து, மே 12 அன்று, வான்னாக்ரை என்ற தீய மென்பொருள் அதே ஓட்டையின் வழியாக நுழைந்தது. சுமார் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணயப்பணம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறையில் 19,000-க்கும் மேற்பட்ட முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. நம் அண்டை மாநிலமான ஆந்திரத்தின் காவல் துறைக் கணினிகள் சிலவும் பாதிக்கப்பட்டன. மார்ச்சில் வந்த திருத்தம் உரிய முறையில் நிறுவப்பட்டிருந்த கணினிகளில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது.

இன்று நம் வீட்டுக் கணினிகளில் இருப்பவை யாவை? பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், ஆதார் நகல்கள், வங்கிக் கணக்கு எண்கள், பெண் மக்களின் புகைப்படங்கள், சிலரிடம் சேலை வடிவங்களும் வாடிக்கையாளர் கணக்குகளும். இவற்றுள் பல பிறர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அமானிதம் வைத்திருக்கும் வீட்டின் தாழ்ப்பாள் அடிக்கடி சிக்குகிறது என்பதற்காகத் தாழ்ப்பாளையே கழற்றி எறிய மாட்டோம், அதைச் செப்பனிடுவோம்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். "உங்கள் கணினியில் புதுப்பிப்புக் கோளாறு" என்று தொலைபேசியில் அழைத்துப் பேசுவோரிடம் கணினியை ஒப்படைக்காதீர்கள். எந்த நிறுவனமும் நம் வீட்டுக் கணினியின் நோயை அறிந்து தானாக அழைப்பதில்லை. ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் சரிசெய்வதாக விளம்பரம் செய்யும் இலவச மென்பொருள்களை நிறுவாதீர்கள். விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிவடைந்தன. வீட்டுப் பயனர்கள் பதிவு செய்துகொண்டால் மேலும் ஓராண்டு கிடைக்கும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ஆகவே அத்தகைய கணினி வைத்திருப்போர், புதுப்பிப்பு வருவதே நின்றுபோனால் தொல்லை தீர்ந்தது என்று மகிழ வேண்டாம். தட்டிய கை ஓய்ந்துவிட்டது என்பதற்காக வீடு பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருளாகாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். திரும்பத் திரும்ப வரும் சிறு எச்சரிக்கையைப் பிள்ளைகள் எவ்வாறு எதிர்கொள்கிறார்கள் என்று பாருங்கள். சிலர் பார்த்தும் பாராததுபோல் "பிறகு" என்பதை அழுத்துவார்கள். சிலர் பதறிப்போய் எதையெல்லாமோ அழுத்துவார்கள். கணினியில் பழகும் பழக்கம் கணினியோடு நிற்பதில்லை. நின்று, என்ன குறை என்று வாசித்து, குறித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகச் சீர்செய்து, முடிந்ததா என்று ஒருமுறை உறுதிசெய்து, அதன்பின் மனத்தை அமைதிப்படுத்திக்கொள்ளும் பயிற்சியை அவர்களுக்குக் கொடுங்கள். தொழுகையில் ஐயம் வந்தால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் கற்றுக்கொடுப்பதும் இந்தப் பயிற்சியைத்தான்.

நம் காரியங்களைத் தொடங்குவதோடு விட்டுவிடாமல் நிறைவாக முடிக்கும் ஆற்றலையும், முடித்துவிட்டவற்றில் வீண் ஐயங்களிலிருந்து பாதுகாப்பையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.